எண்ணெய்த் துளையில் சந்தனம்

அந்த எஞ்சினை ஜாம் ஆக்கியது நான் இல்லை. நீங்கள். உங்கள் கட்டைவிரல். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வருஷா வருஷம் மேடை ஏறி என் கதையைச் சொல்கிறீர்கள். பெயர் சொல்வதில்லை. கேட்கிறவர்களுக்கு அது யார் என்று தெரியும் என்பதால் உங்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு விவரம் வேண்டும். அதனால் இனி உங்களை முதலாளி என்றே எழுதுகிறேன். கடைசியில் மறுபடி உங்களிடம் வருகிறேன்.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் உக்கடத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் முதலாளியின் பைக் ஒர்க் ஷாப் இருந்தது. தகரக் கூரை, மண் தரை, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன ஒரு மேஜை. சுவரை ஒட்டிய அடுத்த கடை ஒரு பாயுடைய லேத் பட்டறை. இரண்டு கடைக்கும் நடுவில் கதவு இல்லாத வாசல் ஒன்று உண்டு. நாங்கள் புஷ் கடைய வேண்டும் என்றால் அதன் வழியாக நீட்டுவோம், அவர் டீ வேண்டும் என்றால் அதன் வழியாகக் கூப்பிடுவார்.

முதலாளி டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெரிய கை. இதை நான் மறுக்க மாட்டேன். வண்டி சந்து முனை திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, "பிஸ்டன் ரிங் போச்சு, உள்ள கொண்டா" என்பார். சொன்னது சரியாக இருக்கும். ஆனால் அந்த வருஷங்களில் ஃபோர் ஸ்ட்ரோக் நூறு சிசி வண்டிகள் ஊரெல்லாம் வந்துவிட்டன. அவருக்கு அவை பிடிக்காது. "இது என்னடா வண்டி, தையல் மிசின் ஓடற மாதிரி ஓடுது" என்பார். அதனால் ஃபோர் ஸ்ட்ரோக் வந்தால் ஹெட் வேலை முழுவதும் என் தலையில் விழும். நான் அதை வேறு ஒரு கடையில் கற்றுக்கொண்டு வந்திருந்தேன்.

டூ ஸ்ட்ரோக்கில் ஹெட் என்பது ஒரு மூடி. சட்டிக்கு மூடி போடுகிற மாதிரி. உள்ளே அசைகிற பொருள் எதுவும் கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றுவதால் அதற்கென்று தனி வழியும் வேண்டியதில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. இரண்டு வால்வு, அவற்றின் ஸ்பிரிங், அவற்றைத் தட்டித் திறக்கிற கேம், எல்லாம் ஹெட்டுக்குள்தான் இருக்கின்றன. கீழே இருக்கிற எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக மேலே ஏறி வந்து அந்தக் கேமை நனைக்க வேண்டும். துளை அடைத்தால் கேம் காயும். காய்ந்த கேம் சூடாகி ஹெட்டைக் கவ்விக்கொள்ளும். அதோடு எஞ்சின் மொத்தமும் நிற்கும், ஓடுகிற ஓட்டத்தில். இந்தக் கதையில் உங்களுக்குத் தெரிய வேண்டிய தொழில் விஷயம் இவ்வளவுதான்.

வண்டி ஒரு மாட்டுத் தரகருடையது. கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் ஊர். பொள்ளாச்சிச் சந்தையில் அவர் கை வைக்காத மாடு இல்லை என்பார்கள். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரியே சொன்னார்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. நடைதான் செரியில்லை. ஏத்தத்துல ஏறமாட்டீங்குது, பின்னால எருமையைக் கட்டி உட்ட மாதிரி."

கிக்கரை மிதித்துப் பார்த்தேன். காலுக்கு எதிர்ப்பே இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு ஒழுகுகிறது. ஹெட்டை இறக்க வேண்டும் என்றேன்.

"எறக்கு கண்ணு. சந்தை நாளுக்குள்ள குடுத்துப்போடு. நடந்து போனா ஒரு பயலும் தரகுக்குக் கூப்பிட மாட்டான், எனக்கே வக்கில்லைன்னு நெனைப்பான்."

ஆயுத பூஜைக்கு முந்தின நாட்கள் அவை. நான் ஹெட்டை இறக்கினேன். வால்வுகளைக் கழற்றினேன். எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் கரி பிடித்து, ஓரத்தில் எரிந்த தழும்புகள் இருந்தன. ஹெட்டை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுவிட்டு மறுநாள் சுரண்டினேன். அலுமினியத்தை இரும்பால் சுரண்டக் கூடாது, கோடு விழும். தேங்காய்க் கொட்டாங்குச்சியை உடைத்து, அந்தச் சில்லைக் கூராகத் தேய்த்து வைத்திருப்பேன். கரி அதற்கு வரும், அலுமினியம் வராது. சுரண்டச் சுரண்டக் கறுப்பு உதிர்ந்து உள்ளே வெள்ளை தெரியும்.

அடுத்து வால்வைத் தேய்ப்பது. வால்வும் அது உட்காரும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற வரைக்கும் நடுவில் பேஸ்ட் தடவித் தேய்க்க வேண்டும். முதலில் கரகரப்பான பேஸ்ட், பிறகு மென்மையானது. முனையில் ரப்பர் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைகிற மாதிரி உருட்டுவேன். அவ்வப்போது தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடம் தேயும். ஆரம்பத்தில் மணலை மிதிக்கிற சத்தம் வரும். போகப் போக அது குறைந்து பட்டுத்துணியைத் தடவுகிற சத்தமாக மாறும். அப்போது துடைத்துப் பார்த்தால் ஒரே அகலத்தில், எங்கும் அறுபடாமல், சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிய வேண்டும். தெரிந்தது. இரண்டிலும் தெரிந்தது.

பேஸ்ட்டில் ஒரு துணுக்குக்கூட மிஞ்சக் கூடாது என்று கழுவினேன். வால்வுகளை ஸ்பிரிங்கோடு மாட்டி, பிளக்கைத் திருகி, ஹெட்டைக் கவிழ்த்து, கிண்ணம் போன்ற அந்தக் குழியில் பெட்ரோல் ஊற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தபோது வெளிப்பக்கத் துவாரங்களில் ஈரமே இல்லை. எண்ணெய்த் துளைக்குள் கிளட்ச் கேபிளிலிருந்து பிரித்த ஒற்றைக் கம்பியை விட்டு எடுத்து, சைக்கிள் பம்ப் வைத்துக் காற்று அடித்தேன். மறுபக்கம் வைத்த விரலில் காற்று பட்டது. பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு தட்டில் வைத்தேன். மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் பூஜைக்குக் கடையைக் கழுவ வேண்டும் என்று முதலாளி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பூஜை எங்கள் சந்தில் பெரிய விஷயம். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அதற்குப் பிறகு மறுநாள் வரைக்கும் ஒன்றையும் தொடக் கூடாது. வைத்த பொட்டைத் துடைக்கவே கூடாது, தானாக அழிய வேண்டும். பாயும் வருவார். பொரி, சுண்டல் வாங்குவார். "எம்பட லேத்துக்கும் ஒண்ணு வெய்யுங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்பார். முதலாளி வாசலைத் தாண்டிப் போய் லேத்துக்கும் பொட்டு வைப்பார். மறுநாள் காலையில் பாய் மற்ற பொட்டையெல்லாம் விட்டுவிட்டு, லேத்தில் சுழலும் சக்கில் வைத்த பொட்டை மட்டும் துடைத்துவிட்டுத்தான் மெஷினைப் போடுவார். "சுத்தறப்ப கண்ணுல தெறிக்குமில்ல" என்பார். ஒருவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் நான் சுற்றி வைத்த துணியை முதலாளி பிரித்தார். ஹெட் வெள்ளி மாதிரி மின்னியது. அவருக்குப் பிடித்துவிட்டது. எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால், படத்துக்கு நேராக வைத்தார். சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தார். கெட்டியாகக் குழைத்த சந்தனம்.

"அண்ணா, ஹெட்டுக்கு மட்டும் வெக்காதீங்க. ஓட்டைல போயிருமுங்க" என்றேன்.

"ஏண்டா, சாமிக்கு வெக்கறதுக்கு உன்றகிட்டப் பர்மிசன் வாங்கோணுமா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். பொட்டு வைக்கச் சமமான இடம் எது? அடிமுகம்தான். எண்ணெய்த் துளை இருப்பதும் அங்கேதான். ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. அதன் மேல் குங்குமம்.

"மாட்டறப்பக் கழுவித்தான் மாட்டோணுங்க. நாளைக்கு நான் இருக்க மாட்டேன். வந்து நானே மாட்டிக்கறேன்."

"போயிட்டு வா. உன்ற ஹெட்டை யாரும் திங்கப் போறதில்லை."

பாய் பொரியை மென்றுகொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். அவருக்குப் புரிந்தது. நான் சொன்னதையும் அவர் கேட்டார், முதலாளி சொன்னதையும் கேட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பெருந்துறைப் பக்கம் மச்சினன் குழந்தைக்குக் காது குத்து. போனேன். அதற்கு மறுநாள் கடைக்கு வந்தபோது தட்டு காலியாக இருந்தது. வண்டியும் இல்லை.

"மாட்டிக் குடுத்துப்போட்டேன்" என்றார் முதலாளி. "பூஜை போட்டு எடுத்ததும் மொத வேலை எங்கையால ஆகோணுமல்ல. தரகர் வந்து நின்னுட்டாரு. ஜம்முன்னு ஸ்டார்ட் ஆச்சு."

"கழுவுனீங்களாண்ணா?"

"பூஜைச் சந்தனத்தை எவனாச்சும் கழுவுவானாடா?"

ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். மாட்டும்போது கேம் மேல் ஊற்றுகிற எண்ணெயிலேயே வண்டி கொஞ்ச தூரம் ஓடும். அது தீர்ந்ததும் கீழேயிருந்து ஏறி வர வேண்டும். ஏற வழி இல்லை. வண்டியை உடனே திருப்பிக் கூப்பிட வேண்டும் என்றேன். தரகர் வீட்டில் போன் இல்லை. நானே பஸ் ஏறிப் போய்ச் சொல்லி வருகிறேன் என்று சட்டையை மாற்றினேன். மாற்றிக்கொண்டிருக்கும்போதே பொள்ளாச்சி பஸ்ஸில் வந்த ஒருவர் சந்துக்குள் வந்து சொன்னார். தரகர் அன்று காலையில் சந்தைக்குப் போகிற வழியில் விழுந்துவிட்டார். எஞ்சின் ஓட்டத்தில் நின்று, பின் சக்கரம் இழுத்துக்கொண்டே போய், வண்டியோடு சாய்ந்து, மைல்கல்லில் முழங்கால் மோதியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வாரக் கணக்கில் கிடந்தார். கால் இருக்கிறது, மடங்காது. மாட்டுத் தரகருக்குக் கால் மடங்க வேண்டும். குந்தி உட்கார்ந்து குளம்பைப் பார்க்க வேண்டும், மடியைப் பார்க்க வேண்டும். துள்ளுகிற காளைக்கு விலக வேண்டும். அவர் தொழில் அந்த மைல்கல்லோடு முடிந்தது.

அந்த வாரங்களுக்குள் மதக் கலவரம் வந்து கோயம்புத்தூர் வேறு ஊராகிவிட்டது. என்ன நடந்தது என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். எங்கள் சந்தில் பாதிக் கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தே வேலை செய்தன. பஸ் ஸ்டாண்டில் போலீஸ் வேன் நின்றது. முதலாளி கடைக்கும் பாய் கடைக்கும் நடுவில் இருந்த வாசலில் யாரோ ஒரு பழைய தகரத்தைச் சாத்தி வைத்தார்கள். யார் வைத்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் தரகருடைய மச்சான் அந்த வண்டியை டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். என்ன ஆனது என்று தெரிய வேண்டும் என்றார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். நான் பிரித்தேன். பாய் தகரத்தை நகர்த்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். கேம் நீலமும் கறுப்புமாக ஹெட்டோடு ஒட்டிக் கிடந்தது. ஹெட்டைத் திருப்பினேன். எண்ணெய்த் துளையின் வாய் அடைத்திருந்தது. சூட்டில் வெந்து, செங்கல் மாதிரி இறுகி, மேலே பழுப்பு, நகத்தால் கீறினால் உள்ளே மஞ்சள். மோந்து பார்த்தேன். எண்ணெய் நாற்றத்தையும் தாண்டி சந்தன வாசம்.

"பாய், பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ம்" என்றார்.

"அண்ணா, இங்க வாங்க" என்று முதலாளியைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. ஒரு நிமிஷம் நிஜமாகவே பயந்தார். அந்த ஒரு நிமிஷத்தில் வாயைத் திறந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் என் கையிலிருந்து ஹெட்டை வாங்கினார். மேஜை மேல் கிடந்த ஊசிக் கம்பியை எடுத்துத் துளைக்குள் விட்டுக் குத்தினார். உதிர்ந்தது. பெட்ரோல் ஊற்றி அலசினார். தரையில் ஊற்றிக் காலால் மண்ணைத் தள்ளினார்.

"என்ன இருக்குது? ஒண்ணுமில்லை" என்றார்.

"இப்பத்தானுங்கண்ணா இருந்துச்சு."

"வாயை வெச்சுட்டு சும்மா இரு. சாமி காரியத்துல கொறை சொன்னா ஊர்ல இன்னைக்கு இருக்கற நெலமைல என்ன ஆகும் தெரியுமில்ல?"

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பாயைப் பார்த்துச் சொன்னார்.

மச்சான் திரும்பி வந்தார். முதலாளி என்னைக் கையைக் காட்டினார். "இவன்தானுங்க ஹெட் வேலை பார்த்தது. வால்வை ஒழுங்காத் தேய்க்காம உட்டுப்போட்டான். நான் என்ன பண்றது, நம்பிக் குடுத்தேன்."

நான் அந்த ஹெட்டையே எடுத்துக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, குழியில் பெட்ரோல் ஊற்றினேன். வால்வுகள் நான் தேய்த்த வால்வுகள், அப்படியே இருந்தன. "பாருங்க, ஒரு சொட்டு ஒழுகுதா பாருங்க. தேய்க்காத வால்வா இருந்தா இந்நேரம் இந்தப் பக்கம் வந்திருக்கும்" என்றேன். ஒழுகவில்லை. நாங்கள் நால்வரும் நின்று ஒழுகாத பெட்ரோலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மச்சான் சொன்னார், "இது ஒழுகாட்டி எனக்கென்னப்பா? எங்க மாமனுக்கு ரத்தம் ஒழுகிப்போச்சே."

பாயைப் பார்த்தேன். அவர் தகரத்தை இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் பட்டறைக்குப் போனேன். லேத் ஓடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு போல்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நீங்க பார்த்தீங்கல்ல பாய்."

"பார்த்தேன் தம்பி."

"ஒரு வார்த்தை சொல்லுங்க. மச்சான்கிட்டச் சொல்லுங்க, போதும்."

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீ சொன்னா ரெண்டு மெக்கானிக்குக்குள்ள சண்டை. நான் சொன்னா அது வேற. பூஜைச் சந்தனத்தால வண்டி கெட்டுதுன்னு இந்தப் பட்டறைல இருந்து ஒரு பேச்சுக் கெளம்புனா, நாளைக்குக் காலைல இந்தப் பட்டறை இருக்காது. சக்குல இருந்த பொட்டை நான் தொடைச்சேன் பாரு, வருசா வருசம், அதையும் எடுத்துப் பேசுவாங்க. நீ என்ன சொன்னாலும் செரி, எம்பேரைச் சொல்லாத. கேட்டுக்கறேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை என்றால் பொய். வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. அந்த உண்மை முதலாளிக்கும் தெரியும். தெரிந்துதான் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னார். நான் கேட்பது ஊரைப் பற்றி இல்லை. ஊர் எரிகிற வெளிச்சத்தில் தன் கையைக் கழுவிக்கொண்ட ஒரு ஆளைப் பற்றி.

பாய் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டறை இருந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறது. அதனால்தான் இவ்வளவாவது எழுதுகிறேன்.

மச்சானிடம் சொல்லிப் பயனில்லை என்று தரகரைப் பார்க்கவே போனேன். பஸ் இறங்கி, தென்னந்தோப்பு வழியாக நடந்தேன். மாட்டுக் கட்டுத்தரைக்கு எதிரில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கால் பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மெக்கானிக்கு, மாட்டுக்குக் கால் போனா யாருக்கு விக்கறதுன்னு எனக்குத் தெரியும். எனக்குப் போயிருச்சே, என்னை எங்க ஓட்டறது?"

செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன்.

"ஒத்தை வார்த்தை கேக்கறேன். வால்வைத் தேய்ச்சயா, இல்லையா?"

"தேய்ச்சேனுங்க."

"அப்ப ஏன் நின்னுச்சு?"

சொன்னேன். பொட்டு, துளை, எண்ணெய், ஊசிக் கம்பி, எல்லாவற்றையும் சொன்னேன். பாயை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"சாமி சந்தனத்து மேல பழி போடறயா? பொங்கலுக்கு என்ற மாட்டுக்கெல்லாம் கொம்புல பொட்டு வெக்கறேன். எந்த மாடாச்சும் கீழ உழுந்துருச்சா?"

"கொம்புல வெக்கறீங்க. மூக்கு ஓட்டைல வெச்சு அடைக்கறதில்லீங்களே."

கட்டுத்தரையில் ஒரு மாடு தலையை ஆட்டியது, மணி அடித்தது. அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"வாய் நல்லா இருக்குது உனக்கு. கைதான் இல்லை. போ."

போனேன். அதற்குப் பிறகு உக்கடத்தில் எனக்கு யாரும் ஹெட் வேலை தரவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடு, வண்டியைக் கழுவு என்றார்கள். 'காலெடுத்தான்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். டீக்கடையில், "யோவ், இவன்கிட்ட வண்டி உடறதுக்கு முன்னாடி காலைக் கழட்டி ஊட்ல வெச்சுட்டு வந்துரு" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. பிறகு பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு சாயக் கம்பெனிக்குப் போய் டிரம் உருட்டினேன். வால்வு தேய்த்த கை சாயத்தில் ஊறி நகமெல்லாம் நீலமானது. என் சொந்த வண்டியின் ஹெட்டை மட்டும் நானே இறக்கி, நானே தேய்த்து, பெட்ரோல் ஊற்றிப் பார்ப்பேன். வீட்டில் மனைவி கேட்பாள், ஒழுகாதென்று தெரிந்தும் ஏன் அவ்வளவு நேரம் குனிந்து பார்க்கிறீர்கள் என்று.

முதலாளி வளர்ந்தார். டூ வீலர் மெக்கானிக்குகளின் சங்கத்துக்குத் தலைவரானார். ஆயுத பூஜையை ஒட்டி மண்டபம் பிடித்துக் கூட்டம் நடக்கும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களை முன்னால் உட்கார வைத்து அவர் பேசுவார். நானே ஒரு தடவை பின் வரிசையில் நின்று கேட்டேன். "எங்கிட்ட ஒருத்தன் இருந்தான். வால்வைத் தேய்க்கச் சோம்பேறித்தனம். ஒரு குடும்பஸ்தனோட காலை வாங்கிப்போட்டான். தொழில்ல பக்தி வேணும்" என்றார். கை தட்டினார்கள். பக்தி என்ற சொல்லை அவர் சொன்னபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குச் சந்தனத்தின் மேல் கோபம் கிடையாது. என் வீட்டிலும் பூஜை உண்டு, என் ஸ்பேனருக்கும் பொட்டு உண்டு. பொட்டைக் கழுவினால் சாமி கோபிக்கும் என்று பயந்த ஆள், ஊசியை விட்டு அதைக் குத்தி எடுத்தபோது சாமிக்குப் பயப்படவில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

சென்ற தை மாதம் தரகரை மறுபடி பார்த்தேன். பொள்ளாச்சிச் சந்தை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, உள்ளே போகிற மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மூக்கு ஓட்டைக்காரன்" என்றார்.

"ஆமாங்க."

"அன்னைக்கு நீ சொன்னது மண்டைலயே நின்னுபோச்சு. ராத்திரி கால் வலிக்கறப்பெல்லாம் நெனைப்பேன். இருக்கலாம்னு தோணுது. ஆனா நீ சொல்லி நான் நம்பறது ஞாயமில்லை. உனக்கு அது லாபம். வெச்சவன் வாயில வரட்டும். நாலு பேரு கேக்கற மாதிரி வரட்டும். அப்ப உன்னைக் கூப்பிட்டு எம்பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன்."

எனக்கு வேண்டியது அந்த இடம்தான். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி. வேறு எதுவும் இல்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். நான் அழைத்தால் நீங்கள் பேச மாட்டீர்கள், ஆள் விட்டாலும் சிரித்து அனுப்பிவிடுவீர்கள், அதனால் இங்கே அச்சில் கேட்கிறேன். வருகிற ஆயுத பூஜைக் கூட்டத்துக்குத் தரகரை நான் கூட்டி வருகிறேன். அவரால் நிற்க முடியாது, கால் மடங்காது, முன் வரிசையில் எதிரில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நாற்காலி போடச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கம்போல மைக்கைப் பிடியுங்கள். வழக்கம்போல அந்தக் கதையைத் தொடங்குங்கள். இந்தத் தடவை பெயரோடு சொல்லுங்கள். எண்ணெய்த் துளையில் சந்தனத்தை வைத்தது யார்? கழுவ வேண்டும் என்று சொன்ன பிறகும் கழுவாமல் மாட்டியது யார்? ஊசிக் கம்பியை விட்டுக் குத்தி எடுத்தது யார்? தரகருடைய முகத்தைப் பார்த்து, மண்டபத்தில் எல்லாரும் கேட்க, பதில் சொல்லுங்கள்.